எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் மார்புச் சூடு

உருவம் சிறுக்கச் சிறுக்க, கன அளவோடு ஒப்பிடுகையில் பரப்பளவு கூடும். வெப்பமும் விரைவாக வெளியேறும். நான்காம் படிவ உயிரியலில் நாம் நடத்தும் இந்தப் பாடம்தான் குறைமாதக் குழந்தையின் முதல் ஆபத்து. அதன் தோல் மெல்லியது. வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு கடைசி வாரங்களில்தான் நன்றாகச் சேரும். 37 வாரத்துக்கு முன்பே பிறந்தால் அதுவும் போதாது. நமக்குப் புழுங்கும் மலாக்காவிலும் ஈரத்தோடு கிடந்தால் அதன் உடல் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சும் திணறும்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறை. மருத்துவர் எட்கார் ரே குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார். 'கங்காரு பராமரிப்பு' பிறந்தது. வசதியில்லாதவர்களின் வழி என்று இதை இன்னும் நினைப்பது தவறு. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் 1.8 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து தொடங்கிய குழுவில் 28 நாளுக்குள் 15.7 விழுக்காட்டினர் இறந்தனர். பிறந்தவுடனே தொடங்கிய குழுவில் 12 விழுக்காடு.

பாட்டிமார் கோபித்தாலும் சொல்கிறேன்: எடை குறைந்த குழந்தையைக் குளிப்பாட்ட அவசரம் வேண்டாம். தாய் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தால் அப்பா சட்டையைக் கழற்றி அணைத்துக்கொள்ளலாம். இதற்கு வார்டில் இடம் தருவார்களா என்று கர்ப்பிணிகள் கிளினிக் தாதியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.