மலை ரயிலின் கைத்தொழில்

மதிப்பிற்குரிய தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,



நீலகிரி மலை ரயில் பற்றி உங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை டிக்கெட் கிடைக்கவில்லை என்ற குறையாகத்தான் இருக்கும். என் வேண்டுகோள் வேறு. அந்த ரயிலில் கொடி பிடிக்கிற பிரேக்ஸ்மேன், நெருப்பைக் கவனிக்கிற ஃபயர்மேன், குன்னூர் லோகோ ஷெட்டில் ஸ்பேனரோடு படுத்திருக்கிற ஃபிட்டர் ஆகியோர் அறிந்த தொழிலையும் ரயில்வேயின் சொத்துக் கணக்கில் சேருங்கள். எஞ்சினைக் காப்பதுபோல அதையும் காத்து, அடுத்த தலைமுறையிடம் முறையாக ஒப்படையுங்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,203 மீட்டர். 46 கிலோமீட்டர் பாதையில் இந்த உயரத்தை மீட்டர்கேஜ் வண்டி ஏறிக் கடக்கிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் வந்துவிடும். அங்கிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். சாதாரண ரயில் சக்கரம் இந்தச் சரிவில் வழுக்கிவிடும். அதனால்தான் சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறையை இங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு பட்டைகள் அருகருகே இருக்கும்; ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எந்த நொடியிலும் எஞ்சினின் பற்சக்கரத்தை ஒரு பல்லாவது பிடித்துக்கொண்டிருக்கும். இந்தியாவில் இப்படி ஓடுகிற ரயில் இது ஒன்றுதான்.

அதே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் தொழிற்சாலையில் செய்த எக்ஸ் வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். பல்பட்டை இல்லாத இடத்தில் இரண்டு மட்டும் இயங்கும். பல்பட்டையில் ஏறியதும், அந்த இரண்டும் பயன்படுத்தி வெளியே விடுகிற நீராவி மற்ற இரண்டுக்குள் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். இதைக் காகிதத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம். மழையில் நனைந்த தண்டவாளத்தில், பெட்டிகள் நிறைய ஆட்கள் இருக்கும்போது எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் ஆபத்து என்பதை எஞ்சினில் நின்று பழகினால்தான் அறிய முடியும்.

மேலே போகும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இதைப் பயணிகள் பலர் கவனிப்பதே இல்லை. ஓட்டுநருக்கு எதிரே தெரிவது பெட்டியின் முதுகு. பாதையைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முன் பால்கனியில் நிற்கும் பிரேக்ஸ்மேன். பாறை உருண்டு கிடக்கிறதா, யானை நிற்கிறதா, முந்தின இரவு மழையில் மண் சரிந்திருக்கிறதா என்று கண்டு சொல்ல வேண்டியவர் அவர். அவர் காட்டும் பச்சை, சிவப்புக் கொடிச் சைகை பெட்டிக்குப் பெட்டி கைமாறி எஞ்சினுக்கு வந்து சேரும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர். ஒவ்வொருவர் பொறுப்பிலும் இரண்டு பிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றது பல்பட்டைக்கு. இறங்கும்போது எதை, எப்போது, எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வளைவுக்கு வளைவு மாறும். இந்தப் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். இவற்றைத் தினம் கடந்து கடந்துதான் அந்தக் கணக்கு கைக்கு வருகிறது.

இப்படி ஒரு பாதை வேண்டும் என்று 1854-லேயே பேச்சு எழுந்தது. 1891-ல் வேலை தொடங்கி, கம்பெனி நொடித்து, வேறு கம்பெனி எடுத்து நடத்தி, 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வண்டி வந்தது. 2005-ல் யுனெஸ்கோ இதை டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்றைய பணியாளர்கள் என்பது என் எண்ணம். நிற்கிற கோவிலுக்குக் கல்தச்சர் எப்போதாவது வந்தால் போதும். ஓடுகிற ரயிலுக்கு ஒவ்வொரு நாளும் ஆள் வேண்டும்.

இரும்பைப் பற்றி எனக்குக் கவலை குறைந்துவிட்டது. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்து கொடுத்தது; 2021-ல் நிலக்கரி எஞ்சினும் செய்து காட்டியது. சுவிட்சர்லாந்திலிருந்துதான் வரவேண்டும் என்றிருந்த பொருளைத் திருச்சிக்காரர்கள் செய்தார்கள். உங்கள் நிர்வாகத்தின் சாதனை அது, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஓட்டத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது கண்காட்சிப் பொருள்தான்.

வியட்நாமைப் பாருங்கள். தாலாத் மலைக்கு 84 கிலோமீட்டர் பாதை. அங்கும் ஆப்ட் முறை, சுவிஸ் எஞ்சின்கள், 1932-ல் முழுப் பாதையும் முடிந்தது. போரில் சேவை நின்றது. பல்பட்டைகள் பெயர்க்கப்பட்டன, எஞ்சின்கள் துருவேறிக் கிடந்தன. 1990-ல் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதை ஆர்வலர்கள் அந்த எஞ்சின்களை வாங்கித் திரும்பக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களே நடத்தும் அந்தப் பாதையில் அவற்றில் சில மறுபடியும் நீராவியில் ஓடுகின்றன. பழைய எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கவும் ஓட்டவும் கற்றுக்கொள்ளும் மனிதர்கள் அங்கே இருந்தார்கள். தாலாத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோயிருந்தது. நம்மிடம் அது இன்னும் அறவில்லை.

அய்யா, நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. குன்னூர் ஷெட்டையே மலை ரயிலுக்கான பயிற்சிக் கூடமாக அறிவிக்கலாம். ஓய்வு பெற்ற ஓட்டுநர்களையும் ஃபிட்டர்களையும் மதிப்பூதியத்தில் அழைத்து வந்து சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். பாய்லர் கழுவுவது, பற்சக்கரத்தின் தேய்மானம் பார்ப்பது, கல்லாறு தாண்டி முதல் பல்லைப் பிடிக்கும்போது வேகத்தைக் குறைப்பது என்று அவர்கள் செய்துகாட்டுவதைத் தமிழிலேயே படம்பிடித்து வைக்கலாம். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் பாதையைச் சீர்செய்கிற டிராக்மேன்களின் அனுபவமும் அதில் இருக்கட்டும். எந்தப் பாறையடியில் ஊற்று கிளம்பும் என்று அவர்களுக்கு அத்துப்படி. மலையில் தேறியவரைச் சமவெளிக்கு மாற்றும் உத்தரவு எப்போது வந்தாலும், அவர் இடத்துக்கு ஒருவர் தயாராகிவிட்டாரா என்று கேட்டபிறகே அதில் கையெழுத்து விழட்டும்.

செலவு மிச்சம் என்று பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் என்ற ஏற்பாட்டைக் குறைக்கும் யோசனை என்றாவது உங்கள் மேசைக்கு வந்தால், தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன், அந்த யோசனையை எழுதியவரை ஒருமுறை முன் பால்கனியில் நின்று ஹில்குரோவ் நிலையம் வரை வரச் சொல்லுங்கள்.

முதல் வேலையாக, இந்த ஆண்டு யார் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பட்டியலைச் சேலம் கோட்டத்திடம் கேட்டு வாங்குங்கள். அந்த ஒவ்வொருவருடனும் ஓர் இளைஞரை ஆறு மாதமாவது சேர்த்து அனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருவன்