திரைக்கு அப்பால் வற்றாப்பளை

2020ஆம் ஆண்டு பங்குனியில் தொற்றுநோய் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் வாயில்களை அடைத்தபோது, சமய பாடமும் திரைக்குள் புகுந்தது. பல்கலைக்கழக இணையத்தளங்களைக் கட்டணமின்றிப் பார்க்க அந்நாளில் வழிசெய்யப்பட்டது உண்மையே. எனினும் தொலைபேசி அலை எட்டாத வன்னிக் கிராமத்து மாணவனுக்கு அதனால் விளைந்த பயன் சிறிது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற இடரையும் நாம் மறந்துவிடவில்லை. நிற்க.

கருவியின் குறையிலும் பெரிய குறை கற்பிக்கும் முறையிலேயே உண்டு. ஆறுமுக நாவலர் சைவத்தை வினாவிடையாக எழுதியது பள்ளிச் சிறுவர்க்காக. பட்டப்படிப்பு மாணவரையும் அவ்வாறே குறிப்புகளை மனனஞ் செய்வித்துப் பரீட்சிப்பது கற்பித்தலாகுமா? ஒரு சமயத்தை ஒப்புக்கொள்வது வேறு; மக்கள் அதனை எவ்வாறு வாழ்கின்றனர் என ஆராய்வது வேறு.

யாழ்ப்பாணத்து விரிவுரை மண்டபத்தில் கிட்டாத பேறு ஒன்று இணையவழியிற் கற்கும் வன்னி மாணவனுக்கு உண்டு. அவன் தன் ஊரிலேயே இருக்கிறான். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிப்பர். “இது மெய்தானா?” என்று கேட்டு அவ்வளவில் நின்றுவிடுபவன் எதையும் கற்கமாட்டான், கேளாமலே சிரிப்பவனும் அத்தகையனே. தீர்த்தம் எடுக்கும் உரிமை யாருக்கு, அது எவ்வாறு வந்தது, 2009இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அச்சடங்கு என்னாயிற்று என மூத்தோரிடம் கேட்டு எழுதி வருபவனே மாணாக்கன்.

கண்ணகி வழிபாட்டை நாவலர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களைப் பூண்டன. வற்றாப்பளையிலோ கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். சிங்கள மக்கள் அவளையே பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். இவ்வேறுபாடு ஏன்? ஒரு மணி நேர விரிவுரையில் அடங்காத இவ்வினாவை வாரம் முழுவதும் எழுத்தில் விவாதிக்கவிடலாம். வகுப்பில் வாய்திறவாத மாணவியும் எழுத்தில் வாதிடுவாள். கூச்சத்துக்குத் திரை சில வேளை நன்மையே செய்கிறது.

வகுப்புகளைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கமும் இப்போது வந்துவிட்டது. மின்சாரமோ அலையோ இன்றித் தவறியவர்க்கு அது பேருதவி. ஆயின் இந்து, கிறித்தவ, இஸ்லாமிய, பௌத்த மாணவர் ஒன்றுகூடும் இடத்தில், தன் வீட்டு நம்பிக்கையையும் அதில் தனக்குள்ள ஐயத்தையும் பதிவுக்கருவியின் முன் எவன் மனம்விட்டுச் சொல்வான்? விரிவுரை பதிவாகட்டும். உரையாடல் தொடங்குமுன் பதிவை நிறுத்திவிட்டதாக ஆசிரியர் வாய்திறந்து சொல்லட்டும்.