ஈக்கு அபராதம், உழவன் தலையிலா?

2014-ஆம் ஆண்டு மே முதல் நாள். மரமெல்லாம் மாங்கனி குலுங்கும் காலம். அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளும் இந்திய மாம்பழத்துக்குக் கதவடைத்தன. கத்தரி, பாகல், புடலை, சேம்புக்கும் அதே கதி! காரணம்? ஓர் ஈ! 2013-இல் போய்ச் சேர்ந்த சரக்குகளில் 207-இல் பழ ஈ முதலான பூச்சிகள் இருந்தன என்றார்கள்.

ஆணவம் என்று கொதித்தோர் உண்டு. கொதிப்பது எளிது, நண்பர்களே, சிந்திப்பதுதான் கடினம்! பழ ஈ தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. உள்ளே புழு சதையைத் தின்கிறது. வெளியே பழம் பொன்போல் மின்னுகிறது. அந்தப் புழு கடல் கடந்து தன் தோட்டத்தில் குடியேறாமல் ஒரு நாடு தடுத்துக்கொள்வது குற்றமா? வெளிநாட்டுச் செடிக்கும் விதைக்கும் நாமும் சோதனை வைத்திருக்கிறோமே! அதற்கான சட்டம் இங்கே 1914-லேயே பிறந்ததே!

விதி வேண்டும், மறுப்பார் இல்லை. அதன் சுமை எவன் தோளில் என்பதே கேள்வி!

கதவு மூடினால், கடல் கடக்க வேண்டிய பழம் உள்ளூர்ச் சந்தையில் குவியும், விலை சரியும். வியாபாரி வேறு சரக்குக்கு மாறலாம். உழவன் மரத்தை மாற்ற முடியுமா?

பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தும் முறை வந்தது. 2015-இன் தொடக்கத்தில் தடை நீங்கியது. மகிழ்ச்சிதான்! ஆனால் அது வாசற்படி வைத்தியம். நோயோ தோப்பில் இருக்கிறது. விழுந்த பழத்தைப் பொறுக்கி அழிக்கவேண்டும். மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவை வெயிலில் காட்டவேண்டும். பொறி வைத்து ஆண் ஈயைப் பிடிக்கவேண்டும். ஒருவன் செய்து அடுத்த தோப்புக்காரன் செய்யாவிட்டால் என்ன பயன்? ஈ வேலியைப் பார்த்தா பறக்கிறது?

ஜப்பானைப் பாருங்கள்! மாம்பழத்தைக் கெடுக்கும் கீழை நாட்டுப் பழ ஈயை, அதன் தென்மேற்குத் தீவுகளில் 1986-க்குள் ஒழித்துக் காட்டினார்கள். ஆண் ஈயைக் கவர்ந்து கொல்லும் மருந்துத் துண்டுகளைத் தீவு முழுதும் போட்டார்கள். தனியொரு விவசாயியா செய்தான்? அரசு செய்தது! பொதுப் பகைக்குப் பொதுப் பணம், அதுவன்றோ நீதி!

விதி எழுதும் கை பொறியும் வாங்கித் தரட்டும். ஊர்த் தோப்புகளை ஒரே நேரத்தில் துப்புரவாக்க ஆள் அனுப்பட்டும். கதவு மூடும் நாளில் உழவனுக்கு ஈடு கொடுக்கட்டும். பிறகு சட்டம் பேசுங்கள். தலை வணங்கிக் கேட்போம்!