கண்மாய் காத்திருக்காது

முனைவர் பட்டச் சேர்க்கைக்கு இனி தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண் போதும் என்று 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபோது, ஊர் ஊராக நுழைவுத் தேர்வு எழுதி அலையும் மாணவர்களுக்குச் செலவு மிச்சம் என்றார்கள். மிச்சமாகட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் உதவித்தொகைத் தகுதி கிடைக்காதவர்களுக்குத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று பங்கு பிரித்தவர்கள், நன்னீர்ச் சூழலியல் போன்ற களத்துறைகளை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

விலங்கியலோ தாவரவியலோ படித்தவர் எழுத வேண்டிய நெட் உயிர் அறிவியல் தாளில் 13 அலகுகள். சூழலியல் கோட்பாடுகள் அதில் ஓர் அலகு. மற்றவற்றில் பெரும்பகுதி செல்லும் மூலக்கூறும்தான். மூன்று மணி நேரம், கொள்குறி வினாக்கள், தவறான விடைக்கு மதிப்பெண் வெட்டு. வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ராமநாதபுரத்துக் கல்லூரியிலிருந்து வரும் பெண் இதில் எந்த இடத்தில் நிற்பாள் என்று சொல்லத் தேவையில்லை. வடிகட்டிய சேற்றை வெள்ளைத் தட்டில் கொட்டினால், வால் நுனியில் மூன்று இலைபோலச் செவுள் இருப்பது ஊசித்தட்டானின் இளவுயிரி, வயிற்றின் இரு பக்கமும் செவுள் இருப்பது மேஃப்ளையின் இளவுயிரி என்று அவள் கண் சட்டென்று பிரித்துவிடும். அந்தக் கண்ணுக்கு எந்தத் தாளில் மதிப்பெண்?

இதைவிடப் பெரிய கோளாறு காலக்கணக்கில் இருக்கிறது. காய்ந்து வெடித்த கண்மாயின் வண்டலுக்குள் நுண்ணிய ஓட்டுடலிகளின் முட்டைகள் உறங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறியதும் சில நாட்களில் அவை பொரிக்கும். பின்னாலேயே பூச்சிகள் பறந்து வந்து முட்டையிடும். வரத்துக்கால் வழியே அயிரையும் கெண்டையும் ஏறி வரும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டையும் கூடவே வரும். யார் முதலில் வந்தது, யார் யாரைத் தின்றது, யார் இடத்தை யார் பிடித்தது என்பதுதான் உயிர்க்குழுமச் சூழலியலின் அடிப்படைக் கேள்வி. அதற்கான விடையில் பாதி அந்த முதல் சில வாரங்களுக்குள் இருக்கிறது. தவறவிட்டவர் அடுத்த அக்டோபர் வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2024-ல் நடந்தது என்ன? ஜூன் 18 அன்று 9 லட்சம் பேருக்கு மேல் எழுதிய நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். ஜூன் 25-ல் தொடங்க வேண்டிய, அறிவியல் பாடங்களுக்கான நெட் தேர்வையும் சேர்த்துத் தள்ளிவைத்தார்கள். அது ஜூலைக் கடைசியில் நடந்தது, முடிவு செப்டம்பரில். பிறகு விண்ணப்பம், நேர்காணல், நெறியாளர் ஒதுக்கீடு, பதிவு. இத்தனையும் முடித்துவிட்டு வலையோடு போய் நிற்பவருக்குக் கண்மாய் ஏற்கெனவே கலுங்கு தாண்டியிருக்கும். ஓர் ஆண்டு போயிற்று; அதை எந்த அறிவிப்பும் திருப்பித் தராது.

டெல்லிக்கு இது புதிதும் அல்ல. நெட் தேறாத ஆய்வாளர்களின் உதவித்தொகையை 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தவர்கள், மாணவர்கள் அங்கே வீதியில் படுத்துக் கிடந்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். இறங்கி வந்தபோதும் மாதம் 8,000 ரூபாயை ஒரு காசு உயர்த்தவில்லை. தேர்வில் உதவித்தொகைத் தகுதி பெற்றவருக்கான தொகையோ 2023-ல் 37,000 ஆனது. இருவரும் இறங்குவது ஒரே சேற்றில்! 2022-ல் எம்.ஃபில். படிப்பையே எடுத்தார்கள். சிறு ஊர்க் கல்லூரி மாணவர் ஒரு குளத்தை ஓராண்டு ஆராய்ந்து பார்த்து, இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இருந்த வாசல் அது. அதை அடைக்கும்போதும் எந்தக் களத்துறையையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ராம்சர் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 20 இடங்கள், நாட்டிலேயே அதிகம் என்று மார்தட்டிக்கொள்கிறோம். அவற்றில் பல, நம் முன்னோர் வெட்டிய ஏரிகளும் கண்மாய்களும். கரையில் நின்று பறவைகளை எண்ண ஆள் கிடைக்கிறது. தண்ணீருக்குள் இருப்பதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர ஆய்வு மாணவர்கள் வேண்டாமா? களத்தில் இறங்கும் துறைகளுக்குச் சேர்க்கையை வேறு விதமாக யோசித்தாக வேண்டும். டெல்லி யோசிக்கும் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களாவது இந்த வழியில் போக வேண்டாம்.