பெட்ரோலா, எத்தனாலா? பிரேசில் பிக்கப் டிரைவர்கள் போடும் 70 சதவீத கணக்கு... நம்ம ஊர் லோடு வண்டிக்கு சொல்வது என்ன?

பிரேசிலின் சாவோ பாலோ நகரில் ஒரு பிக்கப் வண்டி பங்குக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் முதலில் பார்ப்பது விலைப் பலகையைத்தான். அதில் பெட்ரோலுக்கு ஒரு விலை, எத்தனாலுக்கு ஒரு விலை. மனசுக்குள் சின்னதாக ஒரு வகுத்தல் கணக்கு. அதன் பிறகுதான் எதைப் போடுவது என்று முடிவெடுப்பார்.

நம்ம ஊரில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. வழக்கமான பெட்ரோல் என்று கேட்டால் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ-20 தான். அப்படியானால் பிரேசில் டிரைவரின் கணக்கை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது.

பிரேசிலில் இது எப்படி சாத்தியம்?

1973-ல் கச்சா எண்ணெய் விலை எகிறியபோது பிரேசில் திணறியது. 1975-ல் கரும்பிலிருந்து எத்தனால் தயாரித்து வண்டிகளுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை அந்நாட்டு அரசு கொண்டுவந்தது. 2003-ல் ‘ஃப்ளெக்ஸ்’ கார்கள் விற்பனைக்கு வந்தன. பெட்ரோல், எத்தனால், இரண்டும் கலந்தது என எதை ஊற்றினாலும் ஓடும் இன்ஜின் இது. பல ஆண்டுகளாக அங்கே அதிகம் விற்கும் வண்டியான ஃபியட் ஸ்ட்ராடா பிக்கப்பும் இந்த ரகம்தான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பிரேசிலில் ‘பெட்ரோல்’ என்று விற்பதிலேயே எத்தனால் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் அதன் அளவு 30 சதவீதம்.

அது என்ன 70 சதவீத கணக்கு?

எத்தனாலில் எரிசக்தி குறைவு. ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும். பிரேசிலின் கலப்பு பெட்ரோலோடு ஒப்பிட்டால் சுமார் 70 சதவீதம். அதனால் எத்தனால் விலை, பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம். மேலே போனால் பெட்ரோல் லாபம்.

உதாரணத்துக்கு, பெட்ரோல் லிட்டர் 6 பிரேசில் ரியால் என்று வைப்போம். அதில் 70 சதவீதம் 4.20. பிக்கப் பெட்ரோலில் லிட்டருக்கு 12 கி.மீ. தந்தால், எத்தனாலில் சுமார் 8.4 கி.மீ. தரும். மாதம் 3,000 கி.மீ. ஓட்டினால் பெட்ரோலுக்கு 1,500 ரியால் ஆகும். எத்தனால் 4 ரியாலுக்குக் கிடைத்தால் செலவு சுமார் 1,429. அதுவே 4.50 ஆகிவிட்டால் 1,607. வெறும் அரை ரியால் வித்தியாசத்தில் லாபம் நஷ்டமாக மாறிவிடுகிறது.

அப்போ விலை மட்டும்தானா?

விலைதான் முதல் விஷயம். கரும்பு அறுவடைக் காலத்தில் எத்தனால் மலிவாகும், அறுவடை முடிந்தால் ஏறும். கரும்பு விளையும் பகுதியில் ஒரு விலை, தொலைவில் உள்ள மாநிலங்களில் வேறு விலை. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பதால் பல ஃப்ளெக்ஸ் இன்ஜின்களில் இழுவை கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு டேங்கில் போகும் தூரம் குறையும். லோடு ஏற்றிக்கொண்டு பங்க் குறைவான சாலையில் நெடுந்தூரம் போகிறவர், விலை சாதகமாக இருந்தாலும் பெட்ரோல் பக்கம் சாயலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

2030-க்குள் எட்ட நினைத்த 20 சதவீத கலப்பை இந்தியா 2025-லேயே எட்டிவிட்டது. இறக்குமதி செலவு குறைகிறது, விவசாயிகளுக்கு வருமானம் என்கிறது மத்திய அரசு. இரண்டுமே நியாயமான காரணங்கள்தான்.

மைலேஜ்? இ-20க்கு ஏற்ப டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்றும் கூறியது.

பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய மினி லோடு வண்டி, லிட்டருக்கு 15 கி.மீ. தருவதாக வைப்போம். மாதம் 3,000 கி.மீ.க்கு 200 லிட்டர். மைலேஜ் 5 சதவீதம் குறைந்தால் கூடுதலாக சுமார் 10.5 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 1,050 ரூபாய், வருஷத்துக்கு 12,600 ரூபாய். காய்கறி லோடு அடிப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

விலையில் குறைப்பு கிடைக்காதா?

எத்தனாலின் சராசரி கொள்முதல் விலை, போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து லிட்டருக்கு 71.32 ரூபாய் என்று 2025 ஜூலை இறுதி நிலவரத்தை அரசு சொன்னது. எத்தனாலே மலிவாக இல்லாதபோது கலந்த பெட்ரோல் மட்டும் எப்படி மலிவாகும் என்பது அரசுத் தரப்பு விளக்கம். எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

வண்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* டீசல் பிக்கப் என்றால் இ-20 கவலை வேண்டாம். இது பெட்ரோல் வண்டிகளுக்கான விஷயம்.
* 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய பெட்ரோல் வண்டி என்றால், அது இ-20க்கு ஏற்றதா என்று கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.
* சர்வீஸின்போது எரிபொருள் குழாய், கேஸ்கெட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.
* ‘எத்தனால் 100’ எரிபொருளை 2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் இந்தியன் ஆயில் அறிமுகம் செய்தது. அது ஃப்ளெக்ஸ் வண்டிகளுக்கு மட்டும். சாதாரண வண்டியில் ஊற்றவே கூடாது.

எத்தனால் கெட்டது என்று பிரேசில் டிரைவர் சொல்வதில்லை. சக்தி குறைந்த எரிபொருள், அதற்கேற்ற குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. அந்த விலை கட்டுப்படியாகாத நாளில் பக்கத்துக் குழாய்க்குப் போக அவருக்கு வழி இருக்கிறது. நம்ம ஊர் லோடு வண்டிக்காரருக்கு இப்போதைக்கு இருப்பது ஒரே குழாய், ஒரே விலை.