வாடகைக்கு ஒரு முற்றம்

வெளியூர் போய் ஓட்டலில் தங்குகிறவர்கள் இரண்டு ரகம். வீட்டில் உள்ள சௌகரியங்கள் எல்லாம் அங்கேயும் இருக்கவேண்டும் என்பவர்கள் ஒரு ரகம். வீட்டில் இல்லாத சௌகரியங்கள் எல்லாம் அங்கே இருக்கவேண்டும் என்பவர்கள் மற்றொரு ரகம். இந்த இரண்டு ரகத்தாரும் ஒருங்கே ஏமாற்றம் அடைந்து, ஆனாலும் சந்தோஷமாகத் திரும்பி வரக்கூடிய ஓட்டல் ஒன்று உண்டென்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். சென்ற ஐப்பசி மாதத்தில் புதுச்சேரியில் அப்படிப்பட்ட ஓர் ஓட்டலில் நாம் குடும்ப சகிதமாக இரண்டு நாள் தங்கியிருந்தோம்.

புதுச்சேரி நகரத்தை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த தெருக்கள். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர்களின் தெருக்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்தப் பட்டணத்தைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்த ஊர். தமிழர் தெருக்களிலுள்ள பழைய மாடி வீடுகளுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. கீழே பார்த்தால் திண்ணை, தெருவோரமாகத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், வேலைப்பாடு செய்த நிலைக்கதவு. மேலே அண்ணாந்து பார்த்தால் பிரெஞ்சு பாணியில் வளைந்த ஜன்னல்களும் மாடிக் கைப்பிடிச் சுவரும்! அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் கீழே பஞ்சகச்சமும் மேலே கோட்டுமாக உத்தியோகத்துக்குப் போவார்களே, அந்தக் கோலந்தான் ஞாபகம் வருகிறது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இப்படித் தமிழும் பிரெஞ்சும் கலந்து கட்டியதுதான்.

நாம் தங்கிய ஓட்டலும் ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பத்தார் வாழ்ந்த வீடு. வாசலைத் தாண்டும்போதே நிலைப்படி நம் நெற்றிக்கு ஓர் அடி கொடுத்து வரவேற்றது. அந்த வீட்டில் தலை வணங்காமல் யாரும் உள்ளே போக முடியாது. நம் பையன் லிப்ட் எங்கே என்று தேடினான். ஏணிக்குத் தங்கை போன்ற ஒரு மரப்படிக்கட்டைக் காட்டினார்கள். அறையில் டெலிவிஷன் இல்லை. பூட்டின் சாவியோ, கோயில் உக்கிராணத்துச் சாவியைப் போல் கனத்தது. கூடத்தில் விருந்தினர்கள் அபிப்பிராயம் எழுதும் புத்தகம் ஒன்று கிடந்தது. அதைப் புரட்டினோம். "விடியற்காலை ஐந்து மணிக்கே புறாக்கள் எழுப்பிவிடுகின்றன, கண்டிக்கத்தக்கது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் இன்னொருவர், "விடியற்காலை ஐந்து மணிக்குப் புறாக்கள் எழுப்பின, மிக்க நன்றி" என்று எழுதியிருந்தார்.

நமக்கு இருந்த மனத்தாங்கல் வேறு. திண்ணை என்பதை நம் முன்னோர்கள் எதற்காகக் கட்டினார்கள்? முன்பின் தெரியாத வழிப்போக்கன் படுத்து இளைப்பாறுவதற்காக. அதற்கு வாடகை கிடையாது, பெயர்கூடக் கேட்பதில்லை. இன்று அதே திண்ணையில் 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்ற பலகை தொங்குகிறது. ஓர் இரவுக்கு அவர்கள் கேட்கும் தொகையில் நம் தாத்தா ஒரு வருஷம் குடும்பம் நடத்தியிருப்பார். இதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் காரசாரமாக நாலு வரி எழுதுவதென்று தீர்மானித்துப் பேனாவையும் எடுத்துவிட்டோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நாலு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டிற்று. அந்தச் சப்தத்தில் அறையில் யார் தூங்குவது? ஒவ்வொருவராக எழுந்து வந்து முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு பிரெஞ்சுத் தம்பதிகள், பெங்களூரிலிருந்து வந்திருந்த இளம் ஜோடி, பேரனுடன் வந்திருந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், நாம். பணியாள் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பத்து மாடி ஓட்டலில் பத்து நாள் தங்கினாலும் பக்கத்து அறைக்காரர் முகம் தெரியாது. இங்கே ஒரு மழை எல்லோரையும் உறவாக்கிவிட்டது.

அந்த அம்மாளிடம், "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்று விசாரித்தோம்.

"இதே ஊர்தான் தம்பி. ரெண்டு தெரு தள்ளி."

"உள்ளூரிலேயே ஓட்டலில் தங்குவானேன்?"

"நான் பிறந்த வீடு இதே மாதிரி இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேரும் பாகம் பிரித்து விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. முற்றத்தில் மழை விழுகிற சப்தம் கேட்டு நாற்பது வருஷம் ஆகிறது. பேரன் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கினான். என்ன வேண்டும் என்று கேட்டான். இதைத்தான் கேட்டேன்."

நாம் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட வீடுகள் தாமாக நிற்பதில்லை. சுண்ணாம்புச் சுவரும் மர உத்திரமும் வருஷந்தோறும் கவனிப்புக் கேட்கும். கவனியாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். அவ்வூர்க் கடற்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய 'மேரி' என்னும் நகரசபைக் கட்டடம், 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே அதைத் திரும்பக் கட்டித் திறப்பதற்கு 2021 ஆயிற்று. கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு வைசியாள் வீதி சாட்சி. 'இன்டாக்' என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு ஸ்தாபனம் முன்னின்று அங்குள்ள வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டது. அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பரிசு கிடைத்தது. ஓட்டலாவதும் வீடு பிழைத்திருக்க ஒரு வழிதான். திண்ணைக்கு வாடகை வாங்குவது வருந்தத்தக்கதே. ஆனால் திண்ணையே இல்லாமற் போவது அதைவிட வருந்தத்தக்கதல்லவா?

ஒரு விஷயத்தை நேயர்களிடம் மறைப்பானேன்? மாயவரத்துக்கு அருகில் நமக்கும் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. அதை விற்பதற்கான பத்திரத்தில் தம்பிமார் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பத்திரம் நம் பெட்டிக்குள்ளேயே புதுச்சேரிக்கும் வந்திருந்தது. தம்பிமார்மீது குற்றமில்லை, ஒருவனுக்குப் பெண்ணின் கல்யாணம், மற்றவனுக்குக் கடன். கூரை மாற்றுவதற்கு நம்மிடமும் பணம் இல்லை.

மறுநாள் விடியற்காலை, மழை விட்டிருந்தது. அந்த அம்மாள் பணியாளிடம் மாவு வாங்கி, ஈரவாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர முடியாமல் நடுநடுவே தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது ரயிலில் நம் இல்லத்தரசி, "பத்திரத்தை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"பொங்கலுக்குத் தம்பிமார் எல்லோரையும் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை முற்றத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு அனுப்பலாம்."

"தை மாதத்தில் மழை பெய்யாதே!" என்றாள்.

அதுதான் நமக்கும் கவலையாக இருக்கிறது.