மாற்றும் முன் ஒரு காப்பி!

போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டேங்க் நிரம்பி, தண்ணீர் தெரு வரைக்கும் ஓடியது. தூத்துக்குடியில் தண்ணீர் வீணானால் அம்மா சும்மா விடுவாரா? காரணம் நான்தான்.

டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, தம்பி ஒரு ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறான். உள்ளங்கையில் அடங்கும் குட்டி கம்ப்யூட்டர். அது ஆன் ஆகும்போது படிக்கும் 'கமாண்ட் லைன்' ஃபைலில் எல்லாமே ஒரே வரியில்தான் இருக்க வேண்டும். எதையோ மாற்றப்போன நான், படிக்க வசதியாக இருக்கட்டுமே என்று நடுவில் ஒரு என்டர் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், அது எழுந்திருக்கவே இல்லை.

"பழைய ஃபைலை காப்பி எடுத்து வெச்சியாக்கா?" என்றான் தம்பி. நான் முழித்தேன். கடைசியில் மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுச் சரிசெய்தான்.

வீட்டு வைஃபை ரவுட்டர், சிசிடிவி பெட்டி, படகில் இருக்கும் ஜிபிஎஸ் எல்லாமே இந்த வகைக் கருவிகள்தான். தங்கள் செட்டிங்ஸை ஒரு ஃபைலில் வைத்திருக்கும். அது கெட்டால் கருவியே படுத்துவிடலாம்.

நாசாவுக்கே இது நடந்திருக்கிறது. 1976 ஜூலை 20-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1, ஆறு வருடங்களுக்கு மேல் வேலை செய்தது. 1982 நவம்பரில், பேட்டரி சார்ஜ் ஆவதைச் சரிசெய்ய பூமியிலிருந்து அனுப்பிய கட்டளை, ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற தகவலின் மேல் எழுதிவிட்டது. அதோடு தொடர்பு போனது. மெமரி கார்டைக் கழற்ற அங்கே தம்பி இல்லையே!

ஆனால் 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ரோவர், மெமரி கோளாறால் திரும்பத் திரும்ப ரீபூட் ஆனபோது, அந்த மெமரியைத் தொடாமலே ஆன் செய்ய ஒரு வழி இருந்தது. அதனால் பிழைத்தது.

நம் கடலில் முத்துக்குளித்தவர்கள் கயிற்றின் மறுமுனையைப் படகில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத்தான் மூழ்குவார்கள். நாமும் அப்படித்தான். மேலே வர வழி வைத்துவிட்டு, பிறகு குதிக்க வேண்டும்.

* பழைய ஃபைலைத் தேதி போட்டு, வேறொரு இடத்தில் காப்பி எடுங்கள். பல ரவுட்டர்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே 'பேக்கப்' இருக்கும்.

* ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். சரியாக இருந்தால் மட்டும் அடுத்தது.

* வேர்டில் திறக்காதீர்கள். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும்.

* சேவ் ஆகும்போது கரன்ட் போனால் ஃபைல் அரைகுறையாக நிற்கலாம். அதனால் வேறு பெயரில் முழுதாக சேவ் செய்து, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் முறையாக ஷட் டவுன் செய்யுங்கள்.

* தூரத்திலிருந்து மாற்றுகிறீர்களா? 10 நிமிடத்தில் பழைய ஃபைல் தானாகத் திரும்பி வரும்படி முதலில் டைமர் வையுங்கள். எல்லாம் சரியென்றால் டைமரை கேன்சல் செய்யலாம்.

இப்போது எங்கள் மோட்டார் ஒழுங்காக நிற்கிறது. ஆனாலும் அம்மா ஒருமுறை மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அதுவும் ஒரு பேக்கப்தானே!